கோதுமை மணி ஏன் சூம்பிப் போயிற்று?

நீங்கள் கோதுமை வயலைப் பார்த்ததுண்டா? தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். நம் வீட்டுச் சப்பாத்தி பெரும்பாலும் ரயிலேறி வந்த கோதுமையில் செய்தது. பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேச வயல்களில் நவம்பரில் விதைக்கிறார்கள். குளிர்காலம் முழுவதும் பயிர் வளர்கிறது. பிப்ரவரி கடைசியில் பூத்து, மார்ச் மாதத்தில் மணி பிடித்து, ஏப்ரலில் அறுவடைக்கு வருகிறது. இந்த நாட்காட்டியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதம்தான் நம் கதையில் வில்லன்.

2022-ஆம் ஆண்டு மார்ச். இந்தியா முழுவதற்குமான சராசரிப் பகல் உச்ச வெப்பநிலை அந்த மாதத்தில் 33.1 டிகிரி செல்சியஸ். 1901 முதல் அதுவரை எழுதி வைத்த கணக்கில் அவ்வளவு சூடான மார்ச் வேறொன்று இல்லை. பஞ்சாபில் மார்ச் மாதப் பகல் வெப்பம் பெரும்பாலும் 30-ஐ எட்டாது. அந்த ஆண்டோ மாதத்தின் பிற்பாதியில் பல நாட்கள் 30-ஐத் தாண்டியே நின்றது.

வேலூரிலோ திருச்சியிலோ உட்கார்ந்து இதைப் படிக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். 33 டிகிரி ஒரு வெயிலா? நமக்கு அது மாலை நேரத்துக் காற்று! ஆனால் ஏப்ரலில் கதிரடித்தபோது பஞ்சாப் விவசாயிகள் சிரிக்கவில்லை. மணிகள் குண்டாக இல்லாமல் சூம்பிக் கிடந்தன. சூம்பியதும் உடைந்ததுமான மணி 6 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் அரசு கொள்முதலில் எடுப்பதில்லை என்பது விதி. அந்த ஆண்டு அதை 18 சதவிகிதம் வரை தளர்த்த வேண்டியதாயிற்று. நாட்டில் 11 கோடியே 13 லட்சம் டன் கோதுமை விளையும் என்று பிப்ரவரியில் போட்ட கணக்கு, முடிவில் 10 கோடியே 77 லட்சம் டன்னில் வந்து நின்றது. மே 13-ஆம் தேதி கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பயிர் கருகவில்லை. கால்வாயும் ஆழ்துளைக் கிணறும் உள்ள பூமி அது. வேரில் ஈரம் இருந்தது. வெளிப்பார்வைக்குச் செடி செடியாகத்தான் நின்றது. கெட்டது உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அந்த இடத்துக்குத்தான் உங்களை அழைத்துப் போகிறேன். நான் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். தாவரவியல் வயலில் வரப்பு தாண்டி நுழைவதற்கு அத்துறை நண்பர்கள் மன்னிப்பார்களாக. ஆனால் இந்தப் புதிரின் முதல் முடிச்சு இயற்பியலில்தான் இருக்கிறது.

மூன்று சதவிகிதம்

வெப்பம் என்பது என்ன? மூலக்கூறுகளின் ஓயாத ஆட்டம்தான் வெப்பம் என்று படித்திருக்கிறீர்கள். அந்த ஆட்டத்தின் அளவைச் செல்சியஸில் பார்க்கக் கூடாது, கெல்வினில் பார்க்க வேண்டும். 27 டிகிரி செல்சியஸ் என்பது 300 கெல்வின். வெயில் ஏறி 36 டிகிரி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 309 கெல்வின். ஆட்டம் எவ்வளவு கூடியது? 300-க்கு 9. மூன்றே சதவிகிதம்!

மூன்று சதவிகிதம் கூடுதலாக ஆடினால் ஒரு செடியின் குடி முழுகிவிடுமா? ஒரு இரும்புத் துண்டுக்கோ கூழாங்கல்லுக்கோ 9 டிகிரியால் ஒன்றும் ஆவதில்லை. பிறகு கோதுமைக்கு மட்டும் ஏன்?

விடை புரதங்களில் இருக்கிறது. செடியின் செல்லில் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்பவை நொதிகள். நொதிகள் புரதங்கள். ஒவ்வொரு புரதமும் 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு நீண்ட சரம். பூக்கடையில் மல்லிகைச் சரத்தைப் பந்தாகச் சுருட்டி வைத்திருப்பார்களே, அதுபோல இந்தச் சரமும் சுருண்டு ஒரு பந்தாக இருக்கிறது. ஆனால் ஏனோதானோவென்று சுருண்ட பந்தல்ல. எந்த அமினோ அமிலம் எதன் பக்கத்தில் வர வேண்டும் என்பது கச்சிதமாக அமைந்த சுருள். அந்த வடிவம் இருக்கும் வரைதான் நொதிக்கு வேலை ஓடும்.

சரத்தின் நூல் கெட்டியானது. 40, 50 டிகிரியில் அது அறுந்துவிடாது. ஆனால் பந்தைப் பந்தாகப் பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மெல்லிய பிடிப்புகள். இப்போது ஒரு தராசைக் கற்பனை செய்யுங்கள். ஒரு தட்டில் பந்தைச் சேர்த்துப் பிடிக்கும் எல்லாப் பிடிப்புகளும். அது 104 கிலோ. மறு தட்டில் பந்தைக் கலைத்துவிட முயலும் வெப்ப ஆட்டம். 27 டிகிரியில் அது 100 கிலோ. பிடிப்புத் தட்டு தாழ்ந்திருக்கிறது, புரதம் நலமாக இருக்கிறது. வெப்பம் 3 டிகிரி ஏறும்போதெல்லாம் மறு தட்டில் ஒரு கிலோ கூடும். 30 டிகிரியில் 101. 36 டிகிரியில் 103. 39 டிகிரியில் 104, தட்டுகள் சமம். அதற்கு மேல் ஒரு டிகிரி ஏறினாலும் தராசு மறுபக்கம் சாய்ந்துவிடும். பந்து கலைந்துவிடும்.

எண்கள் நான் வசதிக்காக வைத்தவை. ஆனால் தத்துவம் அதுவே. இரண்டு பெரிய எண்களுக்கு இடையே உள்ள சின்ன வித்தியாசத்தில் புரதம் உயிர் வாழ்கிறது. அந்த வித்தியாசம் சில ஹைட்ரஜன் பிணைப்புகளின் அளவுதான். மூன்று சதவிகிதம் அங்கே பெரிய தொகை.

கலைந்த பந்து சும்மாவும் இராது. நல்ல நிலையில் உள்ளே மறைந்திருந்த எண்ணெய்த் தன்மையுள்ள பகுதிகள் இப்போது வெளியே தெரிகின்றன. அவை தண்ணீரை விரும்பாதவை. பக்கத்தில் உள்ள இன்னொரு கலைந்த சரத்தோடு போய் ஒட்டிக்கொள்கின்றன. சிக்கு மேல் சிக்கு விழுந்து கட்டியாகிறது. முட்டையின் வெள்ளைக்கரு சட்டியில் உறைவது இதே காரியம்தான். செடிக்குள் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் திசை அதே திசை.

"இயற்கை ஏன் அந்தப் பிடிப்பை 104-க்குப் பதிலாக 130 என்று வைத்திருக்கக் கூடாது?" என்று என் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. வைக்க முடியும், வைத்தும் இருக்கிறது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் 70 டிகிரியில் சுகமாக வாழும் ஒரு பாக்டீரியா உண்டு. அதன் நொதிகள் கொதிநிலைக்கு அருகிலும் கலைவதில்லை. கொரோனா நாட்களில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனை அப்படிப்பட்ட நொதியை நம்பித்தான் நடந்தது. ஆனால் அதே நொதியைச் சாதாரண அறை வெப்பத்தில் விட்டால் மந்தமாகிவிடுகிறது. நொதி வேலை செய்வதற்கு அது நெளிந்து கொடுக்க வேண்டும். திறக்க வேண்டும், மூட வேண்டும். இறுக்கிக் கட்டினால் நெளியாது. ஆகவே ஒவ்வொரு உயிரும் தான் வாழும் சூட்டுக்கு ஏற்றபடி, வேலை ஓடும் அளவுக்குத் தளர்வாகவும் கலையாத அளவுக்கு மட்டும் இறுக்கமாகவும் தன் நொதிகளை வைத்திருக்கிறது. கோதுமை குளிர்காலப் பயிர். அதன் முக்கியமான சில நொதிகள் குளிருக்கு ஏற்பத் தளர்த்திக் கட்டியவை.

மணிக்குள் என்ன நடந்தது?

கோதுமை மணியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. இலையில் தயாராகும் சர்க்கரை தண்டு வழியே கதிருக்கு வருகிறது. அங்கே அந்தச் சர்க்கரையை ஒன்றோடொன்று கோத்து மாவுச்சத்தாக்கும் நொதிகளில் ஒன்றுக்கு 'கரையும் ஸ்டார்ச் சிந்தேஸ்' என்று பெயர். இதுதான் நம் கதையின் நோஞ்சான். 20 முதல் 25 டிகிரி வரை மிக நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் சுணங்கும். 30 டிகிரியைத் தாண்டிய சூட்டில் தொடர்ந்து இருந்தால் அதன் வேலைத்திறன் வெகுவாக விழுந்துவிடுகிறது. சர்க்கரை மூட்டை வாசலில் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. உள்ளே எடுத்து அடுக்க ஆளில்லை.

போதாக்குறைக்கு இன்னொரு சங்கடம். கோதுமைச் செடி நம்மைப் போல நாட்களை எண்ணுவதில்லை. வெப்பத்தைக் கூட்டிக் கூட்டி எண்ணுகிறது. சூடு அதிகமானால் அதன் கடிகாரம் வேகமாக ஓடுகிறது. குளுமையில் 40 நாள் நிதானமாக நிறைய வேண்டிய மணி, வெயிலில் அவசர அவசரமாக முதிர்ந்துவிடுகிறது. நாட்களும் குறைவு, அந்த நாட்களில் நடக்கும் வேலையும் குறைவு. கட்டுப்பாடான அறைகளில் வைத்து வளர்த்துப் பார்த்ததில், நாள் சராசரி வெப்பம் 15 டிகிரிக்கு மேல் போகும் ஒவ்வொரு டிகிரிக்கும் மணியின் எடை 3 முதல் 5 சதவிகிதம் குறைவதாகக் கண்டிருக்கிறார்கள்.

ஒரு வேடிக்கை: சூம்பிய கோதுமையில் புரதத்தின் விகிதம் கூடுதலாக இருக்கும். புரதம் அதிகமாகச் சேர்ந்ததால் அல்ல. மாவுச்சத்து அதைவிட அதிகமாக இழந்ததால். பத்திரிகையில் 'புரதம் கூடிய கோதுமை' என்று விளம்பரம் கண்டால் ஒரு கணம் யோசியுங்கள்.

இலையும் தப்பவில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் முதல் வேலையைச் செய்வது 'ருபிஸ்கோ' என்ற நொதி. ருபிஸ்கோ சூட்டுக்கு அஞ்சாத கெட்டிக்காரன். 50 டிகிரி வரைகூடத் தாங்கும். ஆனால் அதற்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை செய்யும்போதே தவறான சர்க்கரைத் துண்டு ஒன்று அதன் வாயில் சிக்கி, வாய் அடைத்துக்கொள்ளும். பூட்டில் தப்பான சாவி மாட்டிக்கொள்வது போல. அதைப் பிடுங்கிப் போடவே 'ருபிஸ்கோ ஆக்டிவேஸ்' என்று ஒரு உதவியாள் இருக்கிறான். 1985-ல்தான் அவன் இருப்பதே தெரிய வந்தது. கோதுமையில் 35 டிகிரியைத் தாண்டினால் இந்த உதவியாள் தடுமாறுகிறான். எஜமானன் திடகாத்திரமாக இருந்தும், சாவி பிடுங்க ஆளில்லாமல் வேலை நிற்கிறது. 2020-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் கோதுமையின் ஆக்டிவேஸில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிப் பார்த்தார்கள். சோதனைக் குழாயில் அது மேலும் சில டிகிரி சூட்டைத் தாங்கியது. நூற்றுக்கணக்கான பூக்களுள்ள சரத்தில் ஒரு பூவை மாற்றியதற்கு இத்தனை பலன்!

இலையில் மெல்லிய சவ்வுகளும் இருக்கின்றன. அவை கொழுப்பால் ஆனவை. கொழுப்பு சூட்டில் இளகும் என்பதை நெய் கிண்ணத்தில் தினமும் பார்க்கிறோம். சவ்வு மிகையாக இளகினால் அதில் பதிந்திருக்கும் ஒளிச்சேர்க்கைச் சாதனங்கள் இடம் பெயரும். மின்னணுக்கள் வழி தவறிப் போய் ஆக்சிஜனைப் பிடித்து, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பொல்லாத பொருள்களை உண்டாக்கும். செடி இதற்கும் வழி வைத்திருக்கிறது. எண்ணெயில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஹைட்ரஜனால் நிரப்பினால் அது கெட்டியான வனஸ்பதி ஆகிறது அல்லவா? சூட்டுக்குப் பழகும் செடி, புதிதாகச் செய்யும் கொழுப்பில் இரட்டைப் பிணைப்புகளைக் குறைத்துக்கொள்கிறது. ஏறக்குறைய வனஸ்பதித் தொழிற்சாலையின் தந்திரம்தான், வேறு வழியில். 2000-ல் ஜப்பானில், பச்சையக் கணிகங்களின் கொழுப்பில் மூன்றாவது இரட்டைப் பிணைப்பைப் போடும் நொதியை அடக்கிய புகையிலைச் செடிகள், மற்றச் செடிகளைவிடச் சூட்டை நன்றாகத் தாங்கியதைக் காட்டினார்கள்.

வியர்வை

இத்தனை ஆபத்தும் இலையின் உள் சூட்டைப் பொறுத்தது. காற்றின் சூடும் இலையின் சூடும் ஒன்றல்ல. 30 டிகிரியில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 காலரி வேண்டும். அதே ஒரு கிராமை உறைநிலையிலிருந்து கொதிநிலை வரை கொண்டுபோக 100 காலரி போதும். எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள்! இலைத்துளைகள் வழியே நீராவி வெளியேறும்போது இந்த வெப்பத்தை இலையிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. நன்றாகத் தண்ணீர் பாய்ந்த கோதுமைப் பயிர், உலர்ந்த காற்று வீசும் நாளில், காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்தே இருக்கும். மெக்ஸிகோவில் உள்ள சர்வதேச கோதுமை ஆராய்ச்சி நிலையத்தார் அகச்சிவப்பு வெப்பமானியை வயல்மேல் நீட்டி, எந்த ரகம் அதிகக் குளிர்ச்சியாக நிற்கிறது என்று பார்த்தே நல்ல ரகங்களைப் பொறுக்குகிறார்கள்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தோட்டத்துப் பூசணிக் கொடியில் ஒரே அளவான, ஒரே மாதிரி வெயில் படும் இரண்டு இலைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றின் இரு பக்கத்திலும் மெல்லியதாக வாஸ்லைன் பூசுங்கள். அரை மணி கழித்து, இலையைப் பறிக்காமலே, பள்ளிச் சோதனைச்சாலை வெப்பமானியின் குமிழைச் சுற்றி அதை மெல்ல மடித்துப் பிடித்து அளவெடுங்கள். மற்றதிலும் அப்படியே. பலமுறை செய்து சராசரி எடுங்கள். ஒருமுறை அளந்ததை நம்பி ஆசிரியரிடம் ஓடாதீர்கள்.

துணைக்கு வரும் பாட்டி

வியர்த்தும் சூடு தணியவில்லை. புரதங்கள் கலையத் தொடங்கிவிட்டன. அப்போது செடி என்ன செய்கிறது? இதற்கு விடை வயலில் கிடைக்கவில்லை. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரில், பழத்தைச் சுற்றும் குட்டி ஈயின் புழுவில் கிடைத்தது.

1960-களின் தொடக்கம். ஃபெருச்சியோ ரிட்டோஸா என்ற இளம் விஞ்ஞானி அந்தப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவை பட்டை பட்டையாகப் பெரிதாகத் தெரிபவை. ஏதாவது ஒரு ஜீன் வேலை செய்யும்போது அந்த இடம் உப்பிக் காணப்படும். ஒரு நாள் புழுக்களை வைத்திருந்த பெட்டியின் வெப்பத்தை யாரோ தெரியாமல் ஏற்றிவிட்டார்கள். எடுத்துப் பார்த்தால், அதுவரை காணாத இடங்களில் குரோமோசோம் உப்பியிருந்தது! வேறொருவராக இருந்தால் 'சோதனை கெட்டது' என்று தூக்கி எறிந்திருப்பார். ரிட்டோஸா வேண்டுமென்றே மறுபடி சூடேற்றிப் பார்த்தார். மறுபடி அதே உப்பல். எழுதி அனுப்பினார். பெயர்பெற்ற இதழ் ஒன்று, இதற்கு உயிரியலில் முக்கியத்துவம் ஏதும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. 1962-ல் வேறொரு இதழில் வெளியாயிற்று. அந்த ஜீன்கள் என்ன புரதங்களைச் செய்கின்றன என்று தெரிய மேலும் 12 ஆண்டுகள் ஆயின. 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்' என்று அவற்றுக்குப் பெயர் வந்தது.

பிறகு தேடிய இடமெல்லாம் அவை கிடைத்தன. பாக்டீரியாவில், ஈஸ்டில், மனிதனில், செடியில். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஜோ கீயும் குழுவினரும் சோயா மொச்சை நாற்றுகளைச் சோதித்தார்கள். 28 டிகிரியில் வளர்ந்த நாற்றை நேராக 45 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தால் செத்துவிடுகிறது. ஆனால் முதலில் 40 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து, பிறகு 45-க்குக் கொண்டுபோனால் பிழைத்துக்கொள்கிறது! 40 டிகிரியில் சில நிமிடங்களிலேயே நாற்று தன் வழக்கமான புரத உற்பத்தியைக் குறைத்துவிட்டு, வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை மும்முரமாகச் செய்யத் தொடங்கியிருந்தது.

இவை என்ன வேலை செய்கின்றன? அந்தக் காலத்தில் வயதுப் பெண்ணைத் திருவிழாவுக்குத் தனியே அனுப்ப மாட்டார்கள். பாட்டி ஒருத்தி துணைக்குப் போவாள். அவள் வேலை, பேத்தி யாரோடும் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது. வெப்ப அதிர்ச்சிப் புரதங்களில் பல இந்தப் பாட்டி வேலைதான் பார்க்கின்றன. விஞ்ஞானிகளும் 'துணைப் புரதங்கள்' என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். உருவத்தில் சின்னவை, கலையத் தொடங்கிய சரத்தைச் சட்டென்று பற்றிக்கொண்டு பக்கத்துச் சரத்தோடு ஒட்டாமல் காக்கின்றன. எச்.எஸ்.பி.70 என்பது அந்தச் சரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டு, மறுபடி சரியாகச் சுருள வாய்ப்புக் கொடுக்கிறது. எச்.எஸ்.பி.101 இன்னும் பெரிய ஆள். ஏற்கெனவே சிக்குப் பிடித்துக் கட்டியாகிவிட்ட குவியலிலிருந்து ஒவ்வொரு சரமாக உருவி எடுக்கும். இந்த ஒன்று மட்டும் இல்லாத அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியை, அந்தச் சோயா நாற்றுகளைப் போல முன்கூட்டிப் பழக்கினாலும், அது கடும் சூட்டில் பிழைப்பதில்லை என்று 2000-ல் தெரிய வந்தது.

சூடு வந்துவிட்டது என்று செடிக்கு எப்படித் தெரியும்? அதன் வழிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. வெப்ப அதிர்ச்சி ஜீன்களை முடுக்கிவிடும் ஒரு விசைப் புரதம் உண்டு. சாதாரண நாளில் எச்.எஸ்.பி.70-ம் 90-ம் அதைக் கட்டிப் பிடித்து உட்கார வைத்திருக்கின்றன. சூடேறிப் புரதங்கள் கலைந்ததும், இவை கையை விட்டுவிட்டு அவற்றைக் காப்பாற்ற ஓடுகின்றன. கட்டவிழ்ந்த விசை நேரே உட்கருவுக்குப் போய் ஜீனை முடுக்குகிறது. புதிதாக எச்.எஸ்.பி.க்கள் உற்பத்தியாகின்றன. கலைந்தவை எல்லாம் சீரானபின் வேலையில்லாத எச்.எஸ்.பி.க்கள் திரும்பி வந்து விசையை மறுபடி பிடித்துக்கொள்கின்றன. உற்பத்தி நிற்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் உள்ள தெர்மோஸ்டாட்டை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவு வரும். ஆனால் இது அளப்பது வெப்பத்தை அல்ல, வெப்பம் செய்த சேதத்தை.

அப்படியானால் 2022-ல் கோதுமைக்கு எச்.எஸ்.பி. வரவில்லையா? வந்தது. அதனால்தான் செடி சாகவில்லை. ஆனால் எச்.எஸ்.பி. செய்ய அமினோ அமிலம் வேண்டும். அது வேலை செய்ய ஏ.டி.பி. என்ற சக்திப் பணம் வேண்டும். சீராக்க முடியாத புரதங்களை அரைத்து மறுபடி பயன்படுத்த ஒரு தனி இயந்திரம் இருக்கிறது, அதற்கும் ஏ.டி.பி. வேண்டும். எல்லாம் அதே இலை சம்பாதிக்கும் சர்க்கரையிலிருந்து வர வேண்டும். அந்த இலையே சாவி பிடுங்க ஆளில்லாமல் திண்டாடுகிறது. நாற்றாக இருந்தால் ஒரு வாரம் வளர்ச்சியை நிறுத்தி வைத்துப் பிறகு ஈடுகட்டலாம். மணி பிடிக்கும் பயிருக்கு அந்த வாரம் திரும்பி வராது. செடிக்கு உயிர் பிழைப்பதுதான் கணக்கு. விவசாயிக்கோ மூட்டைதான் கணக்கு.

ஆகவே வட இந்தியாவில் இப்போது செய்யும் முயற்சிகளில் பெரும்பகுதி, மார்ச் வெயில் வருவதற்குள் மணி நிறைந்துவிடும்படி காலத்தை முன்னே தள்ளுவதுதான். நெல் அறுத்த வயலை உழாமலே, வைக்கோலை எரிக்காமலே, அக்டோபர் கடைசியில் நேராக விதைக்கும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன. மணி பிடிக்கும்போது வெயில் ஏறினால் இலேசாக ஒரு தண்ணீர் விடச் சொல்கிறார்கள். ஏன் என்று இப்போது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சி-306 என்ற பழைய ரகம் சூட்டையும் வறட்சியையும் நன்றாகத் தாங்கும். சப்பாத்திக்கும் பேர்போனது. விளைச்சல்தான் புது ரகங்களுக்கு நிகராக வராது. அதன் பொறுமையையும் புதியவற்றின் விளைச்சலையும் ஒரே செடியில் கொண்டுவருவது சுலபமான காரியமல்ல.

நம் சோற்றின் கதை

கோதுமை வடக்கத்தியக் கதை என்று இதை மூடிவிடாதீர்கள். நெல் சூட்டுக்குப் பழகிய பயிர்தான். வளரும் பருவத்தில் 35 டிகிரியை அது பொருட்படுத்தாது. ஆனால் அதற்கும் ஒரு பலவீனமான நேரம் இருக்கிறது, அதுவும் ஒரு மணி நேரம்! நெல் பூ பெரும்பாலும் முற்பகலில் திறந்து, ஒரு மணி நேரம் போல விரிந்திருந்து, மூடிக்கொள்ளும். அந்த ஒரு மணியில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிப்பதில்லை, மகரந்தம் முளைப்பதில்லை, அந்தப் பூ பதராகிவிடும். அதற்கு முன்பும் பின்பும் எவ்வளவு குளுமையாக இருந்தாலும் பயனில்லை.

இரவும் கணக்கில் வருகிறது. பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் நகரில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், 1979 முதல் 2003 வரை இரவு நேரக் குறைந்தபட்ச வெப்பம் 1.13 டிகிரி ஏறியிருந்தது. கோடைப் பருவத்தில் இந்தக் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் நெல் விளைச்சல் 10 சதவிகிதம் குறைவதாக 2004-ல் கணக்குக் காட்டினார்கள். சூடான இரவில் செடி அதிகமாகச் சுவாசித்து, பகலில் சேர்த்த சர்க்கரையை எரித்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

ஆனால் நெல்லில் கைகொடுக்கச் சொந்தக்காரர்கள் நிறைய. உத்தரப் பிரதேசத்து நகீனாவின் பெயரைத் தாங்கிய 'என்-22' என்ற பழைய ரகம், பூக்கும் நேரச் சூட்டைத் தாங்குவதில் உலகப் புகழ் பெற்றது. ஆப்பிரிக்க நெல்லில், கலைந்த புரதங்களை அரைக்கும் இயந்திரத்தின் திறமையான வடிவம் ஒன்று இருப்பதை 2015-ல் சீன விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். இன்னொரு காட்டு நெல் வெயிலோடு மல்லுக்கட்டுவதே இல்லை. விடிந்ததும் பூத்து, சூடு ஏறுவதற்குள் வேலையை முடித்து மூடிக்கொள்கிறது. அந்தக் குணத்தை ஐ.ஆர்.64 ரகத்துக்கு ஒட்டுக்கலப்பில் கொண்டுவந்தபோது, அதன் பூக்கள் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்னதாகத் திறந்தன.

உங்கள் ஊரில் கதிர் வெளிவரும் வயல் இருந்தால், ஒரு விடுமுறை நாளில் காலை 8 மணிக்கே வரப்பில் போய் உட்காருங்கள். ஒரு கதிரைக் குறித்து வைத்துக்கொண்டு, முதல் பூ எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது, அப்போது நிழலில் வைத்த வெப்பமானி என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். மேகம் மூடிய நாளிலும், நல்ல வெயில் நாளிலும் பாருங்கள். வயலுக்குச் சொந்தக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அது என்ன ரகம் என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.